சாணி உருண்டை, களிமண் உருண்டை, கல்

நாலு மாசமா இந்தப் பக்கம் ஒண்ணுமே எழுதலை. தோட்டத்துல வேலை அதிகமா, இல்லை எழுதறதையே விட்டாச்சான்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. ரெண்டும் இல்லை. வலது கை ஒடிஞ்சு போச்சு. இதையும் பாதி இடது கையில தட்டி, மீதியை மககிட்டச் சொல்லி அடிக்க வெச்சிருக்கேன். எழுத்துப் பிழை இருந்தா அவ கணக்குல எழுதிக்குங்க.

கதை சின்னதுதான். சாயங்காலம் கிடாரியை மேய்ச்சல்ல இருந்து ஓட்டிட்டு வர்றப்போ கயிறை மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திப் பிடிச்சிருந்தேன். செய்யக்கூடாத காரியம். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். கோயில்ல அதிர்வேட்டு போட்டாங்க, கிடாரி மிரண்டு ஒரே எகிறு. கை முறுக்கிக்கிட்டு, பத்தடி இழுபட்டு, வாய்க்கால் கரைக் கல்லுல போய் விழுந்தேன். ‘டக்’குனு ஒரு சத்தம் எனக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில படம் எடுத்தாங்க. மேற்கை எலும்பு, முழங்கைக்கு நாலஞ்சு விரக்கடை மேலே, கயிறு முறுக்கின மாதிரியே சுத்தி உடைஞ்சிருந்தது. அதைக்கூடப் பெருசா நினைக்கலை. டாக்டர் “மணிக்கட்டை மேலே தூக்குங்க”ன்னார். தூக்கினேன், தூக்கிட்டேன்னே நினைச்சேன். பார்த்தா கை, வெயில்ல வாடின வாழை இலை மாதிரி அப்படியே தொங்குது. எலும்பை ஒட்டிப் போற நரம்பு அடி வாங்கியிருக்குன்னு சொன்னார். மறுநாள் ஆபரேஷன். ஒரு தகடு, எட்டுத் திருகு.

மூணாம் நாளே பயிற்சி சொல்லித் தர ஒரு பொண்ணு வந்துருச்சு. “ஐயா, விரலை மூடித் திறங்க. முழங்கையை மடக்கி நீட்டுங்க”ன்னுது. வீட்டுக்கு வந்தா அத்தை, சித்தப்பா, பக்கத்துத் தோட்டத்துக்காரர்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க: “எலும்பு கூடற வரைக்கும் கையை அசைச்சுப் போடாதே சாமி.” இதுல யார் சொல்றதைக் கேட்கிறது?

எனக்கு இது சும்மா கேள்வி இல்லைங்க. அதுக்குக் காரணம் எங்க அய்யன். நாங்க அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் பள்ளிக்கூடம் போய்ட்டு இருந்தப்போ வண்டியில பருத்தி மூட்டை ஏத்தறப்போ விழுந்து அவருக்கும் இதே வலது கை, முழங்கைக்குப் பக்கத்துல உடைஞ்சது. பக்கத்து ஊர்ல ஒரு கட்டு வைத்தியர். முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, துணி, மூங்கில் தப்பை எல்லாம் வெச்சு அருமையாக் கட்டினார். மூணு மாசம் கட்டுப் பிரிக்கலை. பிரிச்சப்போ எலும்பு நேரா, கெட்டியாக் கூடியிருந்தது. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா முழங்கை பாதிக்கு மேல மடங்கலை, கடைசி வரைக்கும் மடங்கவே இல்லை. மம்பட்டி பிடிச்சார், ஏர் ஓட்டினார், பால் கறந்தார். ஒரு வாய் சோறு மட்டும் அந்தக் கையால எடுத்து வாய்க்குக் கொண்டு போக முடியலை. வீட்டுல இடது கையால சாப்பிடுவார். கல்யாண வீட்டுல, கெடா வெட்டுல பந்தியில உட்காரவே மாட்டார். “பசி இல்லை”ம்பார். இருபது வருஷத்துக்கு மேல அவர் எந்தப் பந்தியிலயும் உட்கார்ந்து நான் பார்க்கலை.

அதனால படுத்த படுக்கையில, இடது கையில போனைப் பிடிச்சுக்கிட்டு, மக நூலகத்துல இருந்து கொண்டாந்த புத்தகங்களையும் வெச்சுக்கிட்டு, ஒடிஞ்ச கையை மனுசன் என்னதான் பண்ணிட்டு வந்திருக்கான்னு தேட ஆரம்பிச்சேன். படிச்சதுல மனசுல நின்னதை இங்க எழுதறேன்.

ரொம்பப் பழசுல இருந்தே வரலாம். எகிப்துல நாகா எத் தேர்னு ஒரு இடம். அங்க சுமார் 4,500 வருஷத்துக்கு முந்தின கல்லறைகள்ல ரெண்டு உடல் கிடைச்சது, கட்டு கட்டினபடியே. ஒருத்தருக்குத் தொடை எலும்பு, இன்னொருத்தருக்கு முன்கை. சுத்தியும் மரப் பட்டைகள், மேல துணி. 1908-ல கிராஃப்டன் எலியட் ஸ்மித்ங்கிற உடற்கூறு அறிஞர் இதைப் பத்தி எழுதினார். முன்கை உடைஞ்சவருக்கு எலும்பு தோலைக் குத்திக்கிட்டு வெளியே வந்திருக்கு. நார் வெச்சு அடைச்ச இடத்துல ரத்தக் கறைகூட இருந்திருக்கு. ரெண்டு பேருக்கும் எலும்பு கூடவே ஆரம்பிக்கலை. அதாவது கட்டுக் கட்டின கொஞ்ச நாள்லயே செத்திருக்காங்க. யாரோ ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து துணியைச் சுத்தி, பட்டை வெச்சு, பிழைச்சுக்குவான்னு நம்பிக் கட்டியிருக்கார், பாருங்க. அதை நினைச்சா எனக்கு என்னமோ பண்ணுச்சு.

அதே நாட்டுல இன்னொரு பாப்பிரஸ் சுருள் இருக்கு. எட்வின் ஸ்மித்னு ஒரு அமெரிக்கர் 1862-ல லக்சர்ல விலைக்கு வாங்கினது. அதுல 48 நோயாளிகளோட கதை. ஒவ்வொண்ணுக்கும் மூணு தீர்ப்புல ஒண்ணு உண்டு: இதை நான் குணப்படுத்துவேன், இதோட நான் மல்லுக்கட்டிப் பார்ப்பேன், இது வைத்தியம் பண்ணக்கூடாதது. மேற்கை எலும்பு முறிவுக்கும் அதுல வழி சொல்லியிருக்கு. மல்லாக்கப் படுக்க வெச்சு, தோள்பட்டைக்கு நடுவுல துணியை மடிச்சு வெச்சு, இழுத்து நேர் பண்ணி, தப்பை வெச்சுக் கட்டி, தேன் போடணும். ஆனா தோல் கிழிஞ்சு காயம் எலும்பு முறிவு வரைக்கும் போயிருந்தா, மூணாவது தீர்ப்புதான். இந்த வரியை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால வரும்.

அடுத்தது நம்ம நாட்டு சுஸ்ருத சம்ஹிதை. இதுலதான் நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன். மூட்டு விலகறதுல ஆறு வகை, எலும்பு உடையறதுல பன்னெண்டு வகைன்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. தப்பைக்கு என்னென்ன மரப்பட்டைன்னு ஒரு பட்டியல்: இலுப்பை, அத்தி, அரசு, புரசு, மருது, மூங்கில், ஆல். படிச்சுட்டு எங்க ஊர் எல்லையில என்னென்ன நிக்குதுன்னு மனசுக்குள்ளயே ஒரு சுத்து சுத்தி வந்தேன். இலுப்பையும் புரசும்தான் இப்போ இல்லை.

கட்டை எத்தனை நாளைக்கு ஒருக்காப் பிரிக்கணும்னும் இருக்கு. குளிர் காலத்துல ஏழு நாள், மிதமான காலத்துல அஞ்சு நாள், வெயில் காலத்துல மூணு நாள். கட்டு ரொம்பத் தளர்வா இருந்தா உறுதி வராது, ரொம்ப இறுக்கினா வீங்கி வலிச்சுத் தோல் புண்ணாகும், அதனால நடுத்தரமாக் கட்டுன்னு சொல்லுது. இந்த இறுக்கக் கட்டோட ஆபத்தை ஐரோப்பாவுல 1881-ல ஃபோல்க்மன்ங்கிற ஜெர்மன் அறுவை மருத்துவர் விவரமா எழுதினார்: ரத்த ஓட்டம் நின்னு, தசை செத்து, விரல்கள் பறவை நகம் மாதிரி மடங்கிச் சுருங்கிப் போறது. இன்னைக்கும் அதுக்கு அவர் பேருதான். இதைப் படிக்கிறவங்க வீட்டுல யாருக்காச்சும் கட்டு போட்டிருந்தா, மாவுக்கட்டோ பச்சிலைக் கட்டோ எதுவா இருந்தாலும் சரி, விரல் மரத்துப் போச்சு, நீலமாச்சு, விரலை நீட்டினா உயிர் போற மாதிரி வலிக்குதுன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. ராத்திரியே கூட்டிட்டுப் போங்க.

பத்தியமும் உண்டு சுஸ்ருதத்துல. எலும்பு ஒடிஞ்சவன் உப்பு, காரம், புளிப்பு குறைக்கணும், வெயில்ல போகக்கூடாது, உடம்பை வருத்தக்கூடாது. நெல்லுச்சோறு, கறிச்சாறு, பால், நெய் சாப்பிடலாம். எங்க வீட்டுல கறிச்சாறு மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டு, உப்புக் குறைக்கிறதை நான் யார்கிட்டயும் சொல்லலை.

இதெல்லாம் விட என்னை எந்திரிச்சு உட்கார வெச்சது ஒரே ஒரு சுலோகம். உள்ளங்கை எலும்பு உடைஞ்சு கூடின பிறகு என்ன செய்யணும்னு சொல்ற இடம். மொதல்ல சாணி உருண்டையைப் பிடிக்கச் சொல்லணும். அப்புறம் மண் உருண்டை. கையில பலம் வந்த பிறகு கல். அவ்வளவுதான்.

அந்தப் பொண்ணு எனக்கு மொத வாரம் குடுத்தது ஒரு மஞ்சள் பஞ்சுப் பந்து. ரெண்டு மாசம் கழிச்சு கொஞ்சம் கெட்டியான ரப்பர் பந்து குடுப்பேன்னுது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னே பின்னே ஒருத்தர் மாட்டுக் கொட்டாயில இருக்கறதை வெச்சே இதைச் சொல்லி வெச்சிருக்கார். எலும்பு கூடினதோட வைத்தியம் முடியறது இல்லை, பிடிக்கற கைதான் கை, அதைப் படிப்படியாத்தான் வர வைக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எங்க அய்யனுக்குக் கட்டுக் கட்டினவர் கைக்குத் தப்பையும் பச்சிலையும் வந்து சேர்ந்திருக்கு. இந்த உருண்டை சமாச்சாரம் எங்கயோ நடுவுல விழுந்து போச்சு. தப்பு அந்த ஒருத்தர் மேலயா, கை மாறி கை மாறி வந்ததுலயா, எனக்குத் தெரியலை.

நாட்டுக் கட்டைப் பத்திப் பேசினா புத்தூர்க் கட்டைச் சொல்லாம விட முடியாது. ஆந்திராவுல, நம்ம திருத்தணிக்கு அந்தப் பக்கம் இருக்கற புத்தூர். நூறு வருஷத்துக்கு மேல ஒரே குடும்பத்து வழியில வர்ற வைத்தியம். அந்தப் பேரை வெச்சு இன்னைக்குத் தமிழ்நாட்டுல ஊருக்கு ஊர் போர்டு தொங்குது. பிரண்டையும் அப்படித்தான். எலும்பு ஒடிஞ்சா பிரண்டைத் துவையல்னு எங்க ஆத்தா காலத்துல இருந்து கேட்டது. வடக்கேயும் அதுக்கு எலும்பு ஒட்டினு அர்த்தம் வர்ற மாதிரிதான் பேரு. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துல உடுப்பா, பிரசாத்னு ரெண்டு மருத்துவர்கள் 1960-கள்ல விலங்குகள்ல அதைச் சோதிச்சுப் பார்த்து, எலும்பு கூடறது வேகமாகுதுன்னு எழுதியிருக்காங்க. நானும் வேலியில இருந்து பறிச்சுட்டு வரச்சொல்லித் துவையல் தின்னேன். வாய் அரிச்சதுதான் மிச்சம்னு சொல்ல மாட்டேன், ருசியாத்தான் இருந்தது. ஆனா துவையல் திங்கறதும் முழங்கை மடங்கறதும் வேற வேற.

இப்போ அந்த எகிப்து வரிக்கு வருவோம். தோல் கிழிஞ்சு எலும்பு வெளியே வந்தா வைத்தியம் பண்ணக்கூடாதுங்கறது. ஐரோப்பாவுலயும் மூவாயிரம் வருஷத்துக்கு அப்புறம்கூட ஏறக்குறைய அதே நிலைமைதான். அப்படி உடைஞ்சா கை காலை வெட்டிப் போடுவாங்க, அதுலயும் பாதிப்பேர் சீழ் பிடிச்சுச் சாவாங்க. ஆம்ப்ராய்ஸ் பரேன்னு பிரான்ஸ்ல பேர்போன அறுவை வைத்தியர், 1561-ல குதிரை உதைச்சு அவருக்கே கால் எலும்பு உடைஞ்சு வெளியே வந்துருச்சு. தன் காலை வெட்ட விடலை அவர். சுத்தம் பண்ணி, கட்டி, படுத்துக் கிடந்து பிழைச்சார். அதெல்லாம் லட்சத்துல ஒண்ணு.

நிலைமை மாறினது 1865-ல, ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுல. ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஜேம்ஸ் கிரீன்லீஸ்னு 11 வயசுப் பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. வண்டிச் சக்கரம் கால் மேல ஏறி, எலும்பு உடைஞ்சு, தோல் கிழிஞ்ச காயம். ஜோசஃப் லிஸ்டர்ங்கிற மருத்துவர் காயத்துல கார்பாலிக் அமிலம் தோய்ச்ச துணியை வெச்சுக் கட்டினார். ஆறு வாரத்துல எலும்பு கூடிருச்சு, சீழே பிடிக்கலை. அந்த அமிலம் அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு பார்த்தா, விவசாயி எனக்கு ஒரே சந்தோசம். கார்லைல்ங்கிற ஊர்ல சாக்கடைத் தண்ணியைப் புல்லு நிலத்துக்குப் பாய்ச்சியிருக்காங்க. நாத்தம் போகட்டும்னு அதுல கார்பாலிக் அமிலத்தைக் கலந்திருக்காங்க. நாத்தமும் போச்சு, அந்தப் புல்லை மேஞ்ச மாடுகளுக்கு வர்ற புழுத்தொல்லையும் போச்சு. அதைக் கேள்விப்பட்டுத்தான், மாட்டுக்கு நல்லது பண்றது மனுசன் காயத்துக்கும் பண்ணுமான்னு லிஸ்டர் யோசிச்சார். பாஸ்டர் கிருமிகளைப் பத்திச் சொன்னதையும் அவர் படிச்சிருந்தார். என் கையை ஏழு அங்குலத்துக்குக் கீறித் திறந்து, தகடு வெச்சு, திரும்பத் தெச்சு, ஒரு சொட்டுச் சீழ் இல்லாம நான் வீடு வந்ததுக்கு அந்த மேய்ச்சல் நிலமும் ஒரு காரணம்.

மயக்க மருந்து அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. 1846 அக்டோபர் 16, பாஸ்டன் நகரத்துல மார்ட்டன்ங்கறவர் ஈதர் குடுத்துக் காட்டினார். அதுக்கு முந்தி ஆள் அமுக்கிப் பிடிச்சுத்தான் அறுத்தாங்க. அதை நான் ரொம்ப நினைக்க விரும்பலை.

மாவுக்கட்டு வந்ததும் அந்தக் காலம்தான். ஹாலந்து நாட்டு ராணுவ மருத்துவர் மத்தைசன் 1851-ல துணியில சுண்ணாம்புச் சாந்து மாதிரியான அந்த மாவைத் தேய்ச்சு, தண்ணியில நனைச்சுச் சுத்தினா நிமிசத்துல கல்லாகுதுன்னு கண்டுபிடிச்சு மறு வருஷம் எழுதினார். ரஷ்யாவுல பிரகோஃப்னு ஒருத்தர், சிலை செய்யறவர் பட்டறையில மாவு இறுகறதைப் பார்த்துட்டு அதையே கிரீமியப் போர்ல அடிபட்ட சிப்பாய்களுக்குப் போட்டார். எத்தனையோ கையும் காலும் தப்பிச்சது. ஆனா கல்லு மாதிரி கட்டுக்குள்ள ரெண்டு மூணு மாசம் கிடந்தா, எலும்பு கூடும். தசை சூம்பும், மூட்டு பூட்டிக்கும். பச்சிலைக் கட்டுல எங்க அய்யனுக்கு ஆனதுதான் மாவுக்கட்டுல ஐரோப்பாக்காரங்களுக்கும் ஆச்சு. இதுல நாட்டு வைத்தியம், இங்கிலீஷ் வைத்தியம்னு பேதம் இல்லை.

இங்கதான் எங்க வீட்டுத் திண்ணைச் சண்டை பெரிய டாக்டர்களுக்குள்ளயே நடந்திருக்கறது தெரிஞ்சது. ஒரு பக்கம் லிவர்பூல்ல ஹியூ ஓவன் தாமஸ். அவரோட அப்பா படிக்காத கட்டு வைத்தியர், வழிவழியா எலும்பு கட்டுற குடும்பம். டாக்டர்கள் அப்பாவைக் கோர்ட்டுக்கு இழுத்து இழுத்துச் சலிச்சுப் போய், பசங்களையெல்லாம் மருத்துவம் படிக்க வெச்சுட்டார். தாமஸ் துறைமுகக் கூலிக்காரங்களுக்கு ஞாயித்துக்கிழமை காசு வாங்காம வைத்தியம் பார்த்தவர். அவர் கட்சி: ஓய்வு, ஓய்வு, ஓய்வு. விடாத, நீண்ட, கட்டாயமான ஓய்வு. இன்னொரு பக்கம் பாரிஸ்ல லூக்கா ஷாம்பியோனியர். அவர் கட்சி: அசை. உடைஞ்ச மொத நாள்ல இருந்தே மெதுவாத் தடவிக் குடு, மெதுவா அசை, இல்லைன்னா எலும்பைக் காப்பாத்திட்டு மனுசனை முடமாக்கிருவே. எங்க அத்தை தாமஸ் கட்சி. பயிற்சிப் பொண்ணு பாரிஸ் கட்சி.

ரெண்டுலயும் நியாயம் இருக்கு. உடைஞ்ச முனை ரெண்டும் ஆடிட்டே இருந்தா கூடாது, கூடினாலும் கோணலாக் கூடும். அசைக்காம விட்டா மூட்டுப் போகும். எலும்பு அசையக்கூடாது, மூட்டு அசையணும். ஒரே கையில ரெண்டும் எப்படி முடியும்? அதுக்கு வழிதான் இந்தத் தகடு.

தகடும் ஒரே நாள்ல வந்துடலை. ஹாம்பர்க் நகரத்துல ஹான்ஸ்மன் 1886-ல தகடும் திருகும் வெச்சுக் கட்டினதைச் சொன்னார். பின்னால எடுக்கறதுக்கு வசதியா அவர் தகட்டு முனையும் திருகுத் தலையும் தோலுக்கு வெளியே நீட்டிட்டு இருக்கும்! பார்க்கவே சகிக்காது. 1895 நவம்பர்ல ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சார். அதுக்குக் காப்புரிமை வேண்டாம்னுட்டார், அதனால சில மாசத்துலயே உலகம் பூராப் பரவிடுச்சு. அதுவரைக்கும் கையால தடவித்தான் முறிவைக் கண்டுபிடிக்கணும். லண்டன்ல லேன், பெல்ஜியத்துல லாம்பாட் ரெண்டு பேரும் தகட்டு வேலையை வளர்த்தாங்க. லாம்பாட் தன்னோட ஆயுதங்களைத் தானே பட்டறையில செஞ்சவர், வயலினும் செய்வாராம். இருந்தாலும் அந்தக் காலத்து இரும்பு உடம்புக்குள்ள துருப்பிடிச்சது, உடைஞ்சது. தகடு போட்டு மேல மாவுக்கட்டும் போட வேண்டியிருந்தது. அப்புறம் என்ன பிரயோஜனம்?

பெல்ஜியத்துலயே டானிஸ்னு ஒருத்தர் 1949-ல ஒரு புத்தகம் போட்டார். முறிஞ்ச ரெண்டு முனையையும் சும்மா ஒட்டி வெச்சாப் பத்தாது, ஒண்ணோட ஒண்ணு அழுத்தி இறுக்கணும், அப்போ மேல கட்டே வேண்டாம், உடனே கையை அசைக்கலாம்கறது அவரோட வழி. முல்லர்ங்கற சுவிட்சர்லாந்து இளம் மருத்துவர் 1950-ல அவரைப் போய்ப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி, நண்பர்களைச் சேர்த்து, 1958 நவம்பர்ல பீல்ங்கற ஊர்ல 13 பேர் ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. ஏஓன்னு சொல்றாங்க. மாத்திஸ்ங்கற ஒரு இயந்திரப் பட்டறைக்காரர் துருப்பிடிக்காத எஃகுல தகடு, திருகு, திருப்புளி எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தற மாதிரி செஞ்சு குடுத்தார். கட்டுல கிடந்து கை வீங்கி, சூம்பி, மூட்டுப் பூட்டிக்கறதுக்கு ‘முறிவு நோய்’னு பேர் வெச்சு, அதை ஒழிக்கறதையே அவங்க குறியா வெச்சுக்கிட்டாங்க. ஒவ்வொரு ஆபரேஷனையும் பதிவு பண்ணி, நோயாளியைப் பின்னால தேடிப் பிடிச்சு, கை எவ்வளவு மடங்குதுன்னு எழுதி வெச்சாங்க. நம்ம ஆளுங்க பால் கறவைக் கணக்கு எழுதற மாதிரி.

எல்லா மேற்கை முறிவுக்கும் கத்தி வேணும்னு இல்லை, அதையும் சொல்லணும். சர்மியெண்டோங்கறவர் 1977-ல, மேற்கையைச் சுத்தி ஒரு உறை மாதிரி போட்டு முழங்கையையும் தோளையும் அசைக்க விட்டாலே நிறையப் பேருக்கு நல்லாக் கூடுதுன்னு காட்டினார். என் முறிவு முறுக்கின முறிவு, ஒரு துண்டு நரம்புப் பக்கமாத் திரும்பியிருந்தது. அதனால டாக்டர் திறந்து பார்த்துரலாம்னார். இந்த மாதிரி முறிவுல நரம்பு மாட்டிக்கறதை 1963-லயே ஹோல்ஸ்டீன், லூயிஸ்னு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. நரம்பு அறுபடலை, நசுங்கித்தான் இருக்கு, வரும்னு டாக்டர் சொன்னார். எப்ப வரும்னு கேட்டா, “ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்ங்க”ன்னார். ஒரு மில்லிமீட்டர்! தென்னங்கன்னு கூட அதை விட வேகம்.

அப்புறம் ரெண்டு மாசம் நான் பட்ட பாட்டை எழுத இடம் பத்தாது. முழங்கையை மடக்கறப்போ கண்ணுல தண்ணி வரும். தையல் பிரிச்ச தழும்பு இழுக்கும். அத்தை பக்கத்துல நின்னு “வேண்டாம் கண்ணு, போதும் கண்ணு”ம்பாங்க. நான் எங்க அய்யன் பந்திக்கு வெளியே பந்தக்கால்ல சாஞ்சு நின்னுட்டு இருந்ததை நினைச்சுக்கிட்டு இன்னொரு பத்துத் தடவை மடக்குவேன். நாப்பத்தி ஒண்ணாம் நாள் ராத்திரி, வீட்டுல ரசஞ்சோறு பிசைஞ்சு வெச்சிருந்தாங்க. முன்கை கட்டை கழட்டாம, ஸ்பூனை விரல் இடுக்குல சொருகிக்கிட்டு, முதல் வாயை வலது கையால கொண்டு போனேன். பாதி சட்டை மேல கொட்டுச்சு. வீட்டுக்காரம்மா ஒண்ணும் பேசாம உள்ள போய்ட்டாங்க.

மணிக்கட்டுதான் அசையவே இல்லை. ஒவ்வொரு தடவை போறப்பவும் டாக்டர் நரம்பு போற வழியில விரலால தட்டுவார். எங்க தட்டினா கட்டைவிரல் பக்கம் கரண்ட் அடிச்ச மாதிரி சுரீர்ங்குதோ அங்க பேனாவால ஒரு கோடு போடுவார். அதுவரைக்கும் நரம்பு வளர்ந்து வந்திருக்குன்னு அர்த்தமாம். டினெல்ங்கற பிரெஞ்சு மருத்துவர் 1915-ல, மொத உலகப் போர்ல அடிபட்ட சிப்பாய்களைப் பார்த்துச் சொன்ன வழி அது. போன தடவை கோடு எங்க இருந்ததுன்னு நான் ஒரு நூலை அளந்து முடிச்சுப் போட்டு வெச்சுக்குவேன். மூணு வாரத்துல முடிச்சு ரெண்டு விரக்கடை தள்ளிப் போச்சு. மழை பெஞ்சு கிணத்துல தண்ணி ஏறுதான்னு கயிறு விட்டுப் பார்ப்போமே, அதே மாதிரி தினம் பார்த்தேன்.

போன மாசம் ஒரு நாள் காலையில திண்ணையில உட்கார்ந்து, வழக்கம் போல மணிக்கட்டைத் தூக்கற மாதிரி நினைச்சுக்கிட்டு இருந்தேன். பொறுக்கற புல்லு ஒசரம் தூக்குச்சு. கண்ணு பொய் சொல்லுதோன்னு மகளைக் கூப்பிட்டேன். அவளும் பார்த்தா. “இன்னொருக்கா பண்ணுப்பா”ன்னா. இன்னொருக்கா வரலை. மறுநாள் வந்தது.

மஞ்சள் பந்தை அன்னைக்கே ஓரம் வெச்சுட்டேன். கட்டுத்தாரைக்குப் போய், அதே கிடாரி போட்ட சாணியில கை அடங்கற அளவு ஒரு உருண்டை உருட்டினேன். வீட்டுக்காரம்மா “புத்தி கெட்டுப் போச்சா, தையல் தழும்பு ஆறி எத்தனை நாளாச்சு, சீழ் புடிக்கறதுக்கா”ன்னு ஒரு சத்தம் போட்டாங்க. லிஸ்டர் ஞாபகம் வந்து, பயிற்சிப் பொண்ணுக்கும் போன் போட்டுக் கேட்டேன். அது சிரிச்சு முடிச்சுட்டு, “அதுக்குப் பதிலா சப்பாத்தி மாவு வெச்சுக்குங்க ஐயா, அதுவே போதும்”ன்னுது. ஒரு வாரம் எங்க வீட்டுல தினம் சப்பாத்திதான்.

இப்போ களிமண்ணுக்கு வந்திருக்கேன். கிழக்கால வயல் வரப்புல இருந்து எடுத்துப் பிசைஞ்சு, மக ரெண்டு உருண்டை பிடிச்சு வெச்சிருக்கா, ஒண்ணு காய்ஞ்சா இன்னொண்ணு. காலையில அம்பது, சாயங்காலம் அம்பது. கல்லும் எடுத்து வெச்சாச்சு, நான் விழுந்த அந்த வாய்க்கால் கரையில கிடந்த கூழாங்கல்தான். திண்ணை ஓரத்துல இருக்கு. நேத்து எடுத்துப் பார்த்தேன். நழுவிக் கால் மேல விழுந்தது.